புதுப்பிப்பு: செட்டிநாட்டு வீட்டில் மின்சார கார் சார்ஜர்

"7.4 கிலோவாட் சார்ஜரா, 15 ஆம்பியர் பிளக்கே போதுமா" என்ற முந்தைய பதிவின் தொடர்ச்சி. காரைக்குடி, தேவகோட்டை என்று தினம் 60 கி.மீ. ஓடினால் சுமார் 9 யூனிட். பிளக்கிலேயே நாலு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். 7.4 கிலோவாட் சார்ஜர் இப்போதைக்கு வேண்டாம்.

தொல்லை தூரத்தில்தான். மீட்டர் முகப்பில், கார் பின்தெருவில். நடுவில் 40 மீட்டர். பின்னால் அந்த சார்ஜரை வைத்து 32 ஆம்பியர் இழுத்தால் 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சுமார் 8 வோல்ட் வழியிலேயே குறையும். 10 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 5 வோல்ட். 15 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போதும். ஆனால் தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். பழைய மரப்பெட்டி சாக்கெட்டில் செருகவே கூடாது. மணிக்கணக்கில் கரண்ட் ஓடினால் லூசான முனை சூடாகி உருகும். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள்: செம்பூரான் மண் (இங்குள்ள சிவந்த சரளை மண்) கோடையில் காய்ந்தால் எர்த்தின் மின்தடை, அதாவது ஓம், எகிறும், சில கார்கள் சார்ஜ் ஏறவே மறுக்கும்.