பிரகாசமுள்ள மனக்கண்களைக் கேட்டு ஜெபித்தபோது

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்:

அப்பா விட்டுச்சென்ற வீட்டின் பங்கு குறித்து எனக்கும் தம்பிக்கும் ஏற்பட்ட மனத்தாங்கல் மூன்று ஆண்டுகள் நீடித்தது. அந்த மூன்று ஆண்டுகளிலும் நான் ஜெபிக்காத நாளில்லை. ஆனால் தம்பியின் மனம் மாற வேண்டும், பத்திரம் என் பெயருக்கு வர வேண்டும் என்று நான் கேட்டதெல்லாம், தாலுகா அலுவலகத்தில் மனு கொடுப்பதைப் போலத்தான் இருந்தது.

எங்கள் சபையின் உபவாச ஜெபம் ஒன்றில் போதகர் என்னை வேதாகமத்தின் எபேசியர் முதல் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். அப்போஸ்தலர் பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபம், அதாவது கடிதம், அது. எனினும் 17 முதல் 19 வரையுள்ள வசனங்களில் அவர் சபையாருக்காக வேண்டிக்கொள்வது, தேவனை அறிவதற்கான ஞானத்தையும் தெளிவையும் பிரகாசமுள்ள மனக்கண்களையும்தான். நானும் இனி அதை மட்டுமே கேட்பதென்று முடிவு செய்தேன். முதல் இரண்டு வாரங்கள் ஒன்றும் விளங்கவில்லை. பாதி நாள் முழங்காலிலேயே தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு ஒரு விடியற்காலையில், 18ஆம் வசனத்திலுள்ள "சுதந்தரம்" என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. சிறுவயது முதல் அதை விடுதலை என்ற பொருளிலேயே வாசித்து வந்திருந்தேன். நாங்கள் வாசிக்கும் பழைய திருப்புதல் என்ற வேதாகம மொழிபெயர்ப்பில் அதற்குப் பொருள் வாரிசாகக் கிடைக்கும் சொத்து. அதாவது, எதற்காக நானும் தம்பியும் பேசாதிருந்தோமோ அதுவே. அதிலும் வசனம், பரிசுத்தவான்களிடத்தில் "தமக்கு" உண்டாயிருக்கிற சுதந்தரம் என்கிறது. தேவன் மனிதரையே தம் சொத்தாக எண்ணுகிறார் என்றால், நான் முகம் பார்க்க மறுத்த தம்பியும் அந்தச் சொத்தில் அடக்கம்.

சற்று முன்னால், 14ஆம் வசனத்தில், பரிசுத்த ஆவியானவரை நம்முடைய சுதந்தரத்தின் "அச்சாரம்" என்கிறார் பவுல். கிரேக்க மூலத்திலும் அது வியாபாரிகள் முன்பணத்துக்கு வழங்கிய சொல்தான். அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் நட்டம் அவருக்கே என்பது வீடு வாங்கி விற்ற எவருக்கும் தெரியும். தேவன் தம்மை அப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று விளங்கிய பிறகுதான், அதே 18ஆம் வசனத்திலுள்ள நம்பிக்கை என்ற சொல்லில் என்னால் சாய்ந்துகொள்ள முடிந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வைத்த தேநீரில் ஆடை படியும்வரை இருவருமே பேசவில்லை. பிறகு அவன்தான், "அண்ணே, ஆறிப்போச்சு, வேற போடச் சொல்றேன்" என்றான். பங்கு விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடிகிறது.

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி:

நாங்கள் லூர்து அன்னை திருத்தலத்துக்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். எங்கள் திருவிவிலியத்தில் இதே வசனம் அகக்கண்கள் ஒளிபெற வேண்டுகிறது. நீங்கள் "நம்பிக்கை" என்று வாசிக்கும் இடத்தில் எங்களுக்கு "எதிர்நோக்கு" என்று வருகிறது. நீங்கள் விசுவாசம் என்பதைத்தான் நாங்கள் நம்பிக்கை என்கிறோம். திருச்சபை புனித ஆண்டாகக் கொண்டாடிய 2025ஆம் ஆண்டு யூபிலிக்காக எங்கள் ஆலயங்களில் எதிர்நோக்கைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைவுதான் வரும்.

என் தாய்வீடு காசிமேடு. அப்பாவின் விசைப்படகு சொன்ன நாளில் திரும்பாவிட்டால், அம்மா செபமாலையோடு துறைமுகத்துக்குப் போய், வருகிற ஒவ்வொரு படகையும் "இது இல்லை, இது இல்லை" என்று கழித்தபடி நிற்பார். மகனின் வேலைக்காக நாங்கள் காத்திருக்கும் இந்த நாள்களில், அம்மாவுக்கு இருந்த அந்தப் பார்வையைத் தரும்படி செபிக்கிறேன். ஏனென்றால், துறைமுகத்துக்குக் கிளம்பும் முன்பே அவர் அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்திருப்பார்.