பிரஷ் எழுத்துருவில் "அம்மா" அச்சுக் குத்தின மாதிரி வருது

சிவப்புச்சாயம்:
நல்லூர்த் திருவிழா பனர், கடைப் போர்ட் தலைப்புகளுக்கெண்டு தட்டைப் பிரஷால எழுதி, ஸ்கான் பண்ணி, ஃபொன்ற்ஃபோர்ஜ் எண்ட எழுத்துரு செய்யிற மென்பொருளில ஏத்தின எழுத்துரு. உயிர், அகரவரிசை (க, ங, ச...), குறிகள் மட்டும்தான் கிடக்கு. "அம்மா", "பட்டம்" எண்டு அடிச்சா இரண்டு ம-வும் இரண்டு ட-வும் ஒரே அச்சு. கையால எழுதினது எண்டு ஒருத்தரும் நம்பாயினம். 247-ஐயும் எழுதவேணுமோ? மற்றது, இல்லஸ்ரேற்றரில "கெ" அடிச்சா கொம்பு க-வுக்குப் பின்னால போய் நிக்குது. தெரிஞ்ச அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

மைக்கூடு:
247 தேவையில்லை. பிழை, மெய்யெழுத்தை அகரத்துக்கு மேல புள்ளி ஒட்டி உண்டாக்கிறதுதான். தமிழில எழுத்து இரட்டிச்சா முதலாவது எப்பவும் புள்ளியோடதான் வரும்: ம்மா, ட்ட, ப்ப. அதால 18 புள்ளியெழுத்தையும் புதுசா எழுதி லிகேச்சராப் (எழுத்தும் குறியும் சேர்ந்து வந்தா ஒரே உருவமா மாறுறது) போடுங்கோ; இரட்டிப்புப் பிரச்சினை அதோட சரி. புள்ளியை வட்டமா வரையாமல் பிரஷ் மூலையால ஒருக்காத் தொட்டு எடுங்கோ. ஒவ்வொண்டும் ஒவ்வொரு சாய்வில விழும், அதுதான் உயிர்.

கணக்கு: உயிர் 12, ஆய்தம் 1, அகரவரிசை 18, புள்ளி 18, இ-ஈ 36, உ-ஊ 36. மொத்தம் 121. அதோட ா, ெ, ே, ை, ௗ. ொ, ோ இரண்டையும் புதுசா எழுத வேண்டாம், இருக்கிற குறிகளைச் சேர்த்து விடலாம். கிரந்தத்தில ஸ்ரீ கட்டாயம். கோயில் நோட்டீஸ் அது இல்லாமல் நடக்காது. ஸ-வில தொடங்கி அடிக்கிற ஸ்ரீக்கும் ஶ-வில தொடங்கி அடிக்கிற ஶ்ரீக்கும் அதே உருவத்தைக் குடுங்கோ, ஆக்கள் இரண்டு விதமாயும் அடிக்கினம்.

"கனகம்" மாதிரிச் சொல்லுக்கு மட்டும் க, த, ம, ர, ன-வுக்கு இரண்டாம் உருவம் எழுதி, சூழலுக்கேற்ப மாறுற விதியில போட்டால் காணும்.

ஈழத்தச்சு:
கொம்பு எழுத்துருவின்ர பிழையாயிராது. இல்லஸ்ரேற்றரில பிறிபரன்ஸ், ரைப் போய் இன்டிக் ஒப்ஷன்ஸைத் திறந்து, பரகிராவ் பனல் மெனுவில தெற்காசிய மொழிக்கான கொம்போசரை (எழுத்துகளை வரியில அடுக்கிற முறை) தெரிவு செய்யுங்கோ. பாமினி எண்ட பழைய எழுத்துருவில பழகின கை கொம்பை முதல் அடிக்கும். யூனிகோட்டில க முதல், கொம்பு பிறகு. மாறி அடிச்சா புள்ளி வட்டம் ஒண்டு முளைக்கும்.

லிகேச்சர் ஒரு மென்பொருளில வந்து இன்னொண்டில வராட்டி, லுக்கப்பை (எழுத்துருவுக்குள்ள இருக்கிற மாற்று விதி) 'டிஏஎம்எல்', 'டிஎம்எல்2' எண்ட தமிழுக்கான இரண்டு ஸ்கிரிப்ட் டேக்கிலயும் பதிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ.

தட்டைப்பிரஷ்:
ஸ்கானையும் கவனியுங்கோ. 600 டிபிஐ, கிறேஸ்கேல். ஓட்டோ ரேஸ் (ஸ்கானை மென்பொருளே கோடா மாத்திறது) பண்ணினா ஒரு எழுத்துக்கு நூற்றுக்கணக்கில நோட், அதாவது கோட்டுப் புள்ளி, விழும். ஸ்ரிக்கர் வெட்டுற மெசின் ஒவ்வொண்டிலும் தடக்கித் தடக்கிப் போகும். நோட்டைக் குறைக்க இங்ஸ்கேப் எண்ட வரைகலை மென்பொருளில கன்ட்ரோல்-எல் ஒண்டு, இரண்டு தரம்; அதுக்குமேல அழுத்தினா பிரஷ் நுனியின்ர கூர் மழுங்கிடும்.

ழ-வின்ர வாலைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. தொடக்கத்தில சாயம் நிரம்பி இருக்கும், முடிவில காய்ஞ்சு மூண்டு நாலு நாராப் பிரியும். பனர் பிறின்ற்றுக்கு அது அழகு. ஸ்ரிக்கரில 1 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச நார் உரிக்கேக்க கையோட வந்திடும். அதால இரண்டு ஃபைல் வையுங்கோ: நார் விட்டது பிறின்ற்றுக்கு, நார் நிரப்பினது வெட்டுக்கு. எழுத்தகலத்தை இரண்டிலயும் ஒரே அளவா விடுங்கோ, பிறகு ஒண்டை எடுத்து மற்றதைப் போட்டாலும் வரி குழம்பாது.