எஸ்பி-பி ஆன்டிபாடி: 8 கிலோடால்டனில் பட்டையே விழவில்லை

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். சுண்டெலி நுரையீரல் லைசேட்டில் (செல்களை உடைத்தெடுத்த சாறு) முதிர்ந்த சர்ஃபாக்டன்ட் புரதம் பி-யை (எஸ்பி-பி, நுரையீரல் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும். அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காண வேண்டும். 42 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே, இன்னும் வெட்டப்படாத முன்னோடிப் புரதம் மங்கலாகத் தெரிகிறது. முதிர்ந்த புரதம் வர வேண்டிய 8-இல் ஒன்றுமே இல்லை, ஃபிலிம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

ஆன்டிபாடி முயலில் தயாரித்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை), மாட்டு நுரையீரலில் பிரித்த எஸ்பி-பி-க்கு எதிரானது. செல்களை உடைக்க ரிபா பஃபர், ஜெல்லின் ஒரு கிணறுக்கு 20 மைக்ரோகிராம் புரதம், டிடிடி (புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம். ஒப்பீட்டுக்குப் பார்க்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று வருகிறது, அதனால் லோடிங் மேல் சந்தேகமில்லை.

12% ஜெல்லை விட்டு சின்னப் புரதங்களுக்கு ஏற்ற 16% ட்ரைசின் ஜெல்லுக்கு மாறினேன். 0.45 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வுக்குப் பதில் 0.2. சின்னப் புரதமாச்சே, துளைத்துக்கொண்டு போயிருக்கும் என்று பின்னால் இன்னொரு சவ்வும் வைத்தேன், அதுவும் காலி. அப்புறம் ட்ரான்ஸ்ஃபர் நேரத்தைப் பாதியாக்கினேன். ஆன்டிபாடியை 1:2000-இலிருந்து 1:500-க்குக் கூட்டியதில் பின்னணிதான் கருத்தது.

முதிர்ந்த எஸ்பி-பி டைசல்ஃபைடு பிணைப்பால் (இரண்டு கந்தக அணுக்களின் இணைப்பு) இரட்டையாகத்தான் இருக்கும். டிடிடி அதை உடைக்கும்போது ஆன்டிபாடி பிடிக்கும் இடமும் குலைகிறதோ என்று இப்போதுதான் உறைக்கிறது.

இதுபோன்ற ஆன்டிபாடியை டிடிடி இல்லாமல் ஓட்டி, 18 கிலோடால்டன் அருகே பட்டை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?