டிரைவ்-இன் ரேக்: உங்கள் கிடங்கில் என்ன நடந்தது?

பிறை, கிடங்கு மேற்பார்வையாளர்:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கில் முன்பு சாதாரண ரேக்தான். வரிசைக்கு வரிசை வழி இருக்கும், எந்தப் பேலட்டையும் (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு) நேரே போய் எடுக்கலாம். சரக்கு கூடிக்கொண்டே போய், வெளியே வாடகைக்கு இடம் பிடிக்கும் நிலை வந்ததும் டிரைவ்-இன் போட்டார்கள். ஃபோர்க்லிப்ட்டே ரேக்குக்குள் நுழைந்து, இருபக்கத் தண்டவாளத்தில் பேலட்டை வைத்துவிட்டுப் பின்னால் வரும். ஒரு சந்தில் ஆறு ஆழம், நாலு அடுக்கு, 24 பேலட். அதே கட்டடத்தில் அவ்வளவு சரக்கு அடங்கியதைப் பார்த்து அசந்துபோனேன்.

இரண்டாம் மாதம் ஒருநாள் காலை சுற்றிவரும்போது, ஒரு சந்தின் முன் தூணில் முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உரிந்து, இரும்பு உள்வாங்கியிருந்தது. ராத்திரி ஷிப்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைத் தூணோடு ஒட்டிப் பிடித்து இடைவெளியை அளந்தேன். பக்கவாட்டில் 11 மில்லிமீட்டர். ஈஎன் 15635 என்ற ஐரோப்பியத் தரத்தில், ஒரு மீட்டருக்குப் பக்கவாட்டு வளைவு 5 மி.மீ., ஆழவாக்கில் 3 மி.மீ. வரை போகலாம். அதில் இரண்டு மடங்கைத் தாண்டினால் சிவப்பு, உடனே சரக்கை இறக்க வேண்டும்.

சாதாரண ரேக்கில் அடுக்குக்கு அடுக்கு குறுக்கு பீம் தூண்களைக் கட்டிப்பிடித்திருக்கும். டிரைவ்-இன்னில் வண்டி உள்ளே போக வேண்டுமே, அதனால் முன்பக்கத்தில் குறுக்குக் கட்டு உச்சியில் மட்டும்தான். தூண் விரிந்தால் தண்டவாளம் விலகும். பேலட்டோ இரண்டு ஓரத்தில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் நடுவில் இருப்பது ஓட்டுநர்.

ஒரு தூண் இரண்டு சந்துகளைத் தாங்குகிறது, ஆக 48 பேலட்டையும் இறக்கினோம். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது, வெளியே லோரிகள் காத்து நின்றன, மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டி நிமிர்த்தி வெல்டிங் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. ரேக் போட்டவர்களே வந்து தூணை மாற்றினார்கள்.

ஃபோர்க்லிப்ட்டைத் தூணில் இடித்த தம்பி ஏன் சொல்லவில்லை? அதற்கு முன் இடித்த ஒருவருக்குச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வளைந்த தூணைவிட இதுதான் பெரிய பயமாக இருந்தது.

செகாம்புட், இருப்புக் கணக்கு:

அண்ணே, எங்களுக்கு வேறு தலைவலி. டிரைவ்-இன்னில் கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். எங்களுடையது டின் உணவு, காலாவதி தேதி உள்ள சரக்கு. புதுசு வந்து முன்னால் உட்காரும், பழசு பின்னாலேயே கிடக்கும். ஒரு தடவை சந்தைக் காலி செய்தபோது, தேதி முடிந்த ஐந்து பேலட் கடைசியில் இருந்தது. அத்தனையும் அழிப்புக்குப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது.

இன்னொன்று, ஒரு சந்தில் ஒரே சரக்குதான் வைக்க முடியும். 24 இடத்தில் மூன்று பேலட் மிச்சம் இருந்தால் மீதி 21 இடமும் சும்மா கிடக்கும். இப்போது ஒரே பேட்ச் முழுக்க வந்து முழுக்கப் போகிற சரக்கை மட்டும் டிரைவ்-இன்னில் வைக்கிறோம். தேதி பார்க்க வேண்டியதற்கு உருளை வைத்த ஃப்ளோ ரேக். பின்பக்கம் ஏற்றினால் சரிவில் தானே உருண்டு முன்னால் வரும், பழசு முதலில் போகும். விலை கூடத்தான், ஆனால் எங்கள் சரக்குக்கு அதுதான் சரி.

பட்டர்வொர்த், ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர்:

உள்ளே ஓட்டுகிறவன் நான். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்தான், வெளிச்சமும் குறைவு. பலகை உடைந்த பேலட் வந்தால் நான் ஏற்றவே மாட்டேன், தண்டவாளத்தில் ஓரம் பிடிக்காது. எங்கள் இடத்தில் தரையிலும் வழிகாட்டித் தண்டவாளம் போட்ட பிறகுதான் சக்கரம் நேராகப் போகிறது, இடிப்பதும் குறைந்தது.

ஓட்டுநர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலக நமக்கு உரிமை உண்டு. அண்ணே, அந்தத் தம்பி என்ன ஆனார்?

பிறை, கிடங்கு மேற்பார்வையாளர்:

இங்கேதான் இருக்கிறார். இடித்ததைச் சொன்னால் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று மேலாளரிடம் எழுதி வாங்கி, பஞ்ச் கார்டு பக்கத்தில் ஒட்டினேன். மூன்று மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு அவரே போன் பண்ணினார்: "அண்ணே, ஏழாம் சந்து, இடது தூண். லேசாகத்தான் பட்டது, ஆனாலும் சந்தை மூடிவிட்டேன்." காலையில் அளந்தேன், 2 மி.மீ. பச்சை அட்டை மாட்டிச் சந்தைத் திறந்துவிட்டேன்.