இரண்டாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு: தமிழ்ப் புத்தகம் எப்படிப் பார்த்து வாங்குவது?

நித்யா வேளச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இரண்டாம் வகுப்பு, பையன் ஆறாம் வகுப்பு. ரெண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். வீட்டுல பேசுறது முழுக்கத் தமிழ்தான். ஆனா பொண்ணு எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள புத்தகத்தை மூடிடுறா. பையனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். சின்னப் பசங்க கதை வேணாங்கிறான், பெரியவங்க நாவலைக் கொடுத்தா ரெண்டாவது பக்கத்துலயே நின்னுடுறான். அட்டையில போட்டிருக்கிற வயசை நம்பி வாங்கினதுல பாதி தொடாமலே கிடக்கு.

ஜனவரியில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சிக்குப் போகணும். கூட்டத்துல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல ஒரு புத்தகம் இவங்களுக்குச் சரிவருமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் ஒதுக்கியிருக்கேன்.

கதைப்பெட்டி

வணக்கம் நித்யா. அட்டையில் இருக்கும் வயது பெரும்பாலும் கதையின் பொருளைப் பார்த்துப் போடுவது. உங்கள் பெண்ணால் அதைப் படிக்க முடியுமா என்பதை அது சொல்லாது. தமிழில் இது கூடுதல் சிக்கல், ஏனென்றால் பேசுகிற தமிழ் வேறு, அச்சில் இருக்கிற தமிழ் வேறு. ஒரே குழந்தைக்குக் காது ஒரு வகுப்பில் இருக்கும், கண் இன்னொரு வகுப்பில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறங்கள். முதல் பக்கம் வேண்டாம், அங்கே படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்கும். நான்கைந்து வரியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் காதுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நான்கு வரியை அவள் வாசிக்கட்டும். தடுமாறும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஒன்றிரண்டு விரல் என்றால் அவளே படிக்கும் புத்தகம். ஐந்தும் மடங்கிவிட்டது, ஆனால் நீங்கள் வாசித்தபோது புரிந்தது என்றால் இரவில் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். அதையும் தயங்காமல் வாங்கலாம். நீங்கள் வாசித்தே புரியவில்லை என்றால் மொழிநடை அவளுக்கானது இல்லை, திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள்.

எங்கே தடுமாறுகிறாள் என்பதையும் கவனியுங்கள். "மரத்தடியில் அமர்ந்திருந்தான்" என்பதில் நிற்காத குழந்தை "மரத்தடியிலமர்ந்திருந்தான்" என்று சேர்த்து அச்சிட்டிருந்தால் திணறும். சொல் பழகியதுதான், சேர்த்து எழுதியதால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கொம்பு இன்னொரு இடம்: "கொ" என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. "கௌதமி" என்பதைக் குழந்தைகள் "கெளதமி" என்று வாசிப்பதும் எழுத்தின் உருவம் அப்படி இருப்பதால்தான். உகரத்துக்கு ஒரே குறி கிடையாது. கு, சு, து மூன்றுக்கும் வெவ்வேறு வளைவு. உயிர்மெய் 216-ஐயும் அட்டவணையில் வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகூடக் கதையில் அவை கலந்து வரும்போது நின்றுவிடும். அது சோம்பேறித்தனம் இல்லை, தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் 16 அல்லது 24 பக்கம், பக்கத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று வரி, வரிக்கு நான்கைந்து சொல் போதும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் ரொம்ப நல்லது. மூன்றாவது முறை வரும்போது எழுத்துக்கூட்டாமலே சொல்லிவிடுவாள், அந்த வேகம்தான் அவளை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும். அப்புறம், எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். படத்தைப் பார்த்தே அவளால் ஒரு கதை சொல்ல முடிந்தால் ஓவியர் தன் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார்.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் பழக்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிறையத் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று பிரிக்கப்பட்டவை. இரண்டாம் வகுப்பு என்று பார்க்காமல் "நுழை"யிலிருந்தே தொடங்குங்கள்.

அச்சுமை

கதைப்பெட்டி சொன்னதோட அச்சு விஷயமும் பாருங்க. நல்ல கதையைக்கூடப் பக்க வடிவமைப்பு கெடுத்துடும்.

முதல்ல வரி முடியுற இடம். ரெண்டு ஓரமும் நேரா வரணும்னு இழுத்து அமைச்ச பக்கத்துல சொல்லு பாதியில ஒடிஞ்சு அடுத்த வரிக்குப் போகும். தமிழ்ல அங்க பெரும்பாலும் இணைப்புக் கோடுகூடப் போடுறதில்ல. ஒரு வரி கடைசியில "கண்டுபி", அடுத்த வரி ஆரம்பத்துல "டித்தான்"னு இருந்தா, இப்பத்தான் படிக்கப் பழகுற குழந்தை ரெண்டையும் தனித்தனி சொல்லா நினைச்சு நின்னுடும். இடது ஓரம் மட்டும் நேரா இருந்து, வலது ஓரம் ஏத்தஇறக்கமா விட்ட புத்தகமா எடுங்க.

ரெண்டாவது, புள்ளி. படத்து மேலயே எழுத்தை அச்சடிச்சிருந்தா புல்லு, மணல், இலைக்கு நடுவுல புள்ளி காணாமப் போயிடும். "பட்டம்" "படடம"ன்னு தெரியும். இங்கிலீஷ்ல இந்தச் சிக்கல் இவ்வளவு கிடையாது, அதனால படம் வரையுறவங்க இதைக் கவனிக்காம விட்டுடுறாங்க. எழுத்துக்குப் பின்னாடி வெறும் ஒரே நிறம் இருக்கணும்.

எழுத்து அளவுக்கு ஸ்கேல் வேணாம். பொண்ணோட தமிழ்ப் பாடநூலைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க. கதைப் புத்தகத்தோட எழுத்து அதைவிடச் சின்னதா இருந்தா இந்த வருஷத்துக்கு வேணாம்.

பைண்டிங்: மெல்லிசுப் புத்தகம்னா நடுவுல பின் அடிச்சதே நல்லது, தட்டையா விரியும், நடுப்பக்கப் படம் மடிப்புக்குள்ள போகாது. பின் முனை வெளிய நீட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரைப் பக்கம் வீடுன்னா பின் துருப்பிடிச்சு நடுப்பக்கத்துல கறை விழும். பையனுக்கு வாங்குற தடிப் புத்தகம் பசையில மட்டும் ஒட்டினதா, தைச்சு ஒட்டினதான்னு முதுகு மேல்முனையில தெரியும்: சின்னச் சின்னக் கட்டா இருந்தா தைச்சது, தாள் தாளா இருந்தா வெறும் பசை. பளபளன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர் டியூப்லைட்ல கண்ணைக் கூசும், மழைக்காலத்துல நனைஞ்சா பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பிரிக்கும்போது படம் உரிஞ்சு வந்துடும்.

ஏடு

பையன் விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வயது ஆர்வம், எட்டு வயது வாசிப்பு. இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் தமிழ் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைக் கதையைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும், நாவல் என்றால் மலைப்பாக இருக்கும். 60 முதல் 100 பக்கம், அத்தியாயத்துக்கு ஐந்தாறு பக்கம், ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஏதாவது ஒரு முடிச்சு: இப்படித் தேடுங்கள். படக்கதை கேட்டால் யோசிக்காமல் வாங்கிக் கொடுங்கள், ஆனால் பேச்சுக் குமிழியில் எழுத்து நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு நூல்களில்தான் நிறைய ஏமாற்றம். ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். "அவனால் கதவு திறக்கப்பட்டது" என்று நம் வீட்டில் யாராவது பேசுவார்களா? "அவன் கதவைத் திறந்தான்" என்பதுதான் தமிழ். "ஒரு", "அது", "அந்த" என்று வரிக்கு வரி வந்தாலும் சந்தேகப்படுங்கள். மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை என்றால் நான் அந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். உலகப் புகழ்பெற்ற கதை என்று 48 பக்கத்தில் தருவதெல்லாம் சுருக்கம்தான். நிகழ்ச்சி மிஞ்சும், சுவை போய்விடும்.

அறிவியல், பொது அறிவு நூல் என்றால் கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கோள்கள் ஒன்பது என்று இருந்தால் 2006-க்கு முந்தைய பாடத்தை அப்படியே மறுஅச்சு செய்திருக்கிறார்கள், புளூட்டோ அந்த ஆண்டிலேயே பட்டியலிலிருந்து போய்விட்டது. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 என்று இருந்தாலும் அதே கதைதான், 2020-இல் மயிலாடுதுறையோடு 38 ஆகிவிட்டது. இந்த இரண்டிலும் தவறியது மற்றவற்றில் மட்டும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. மாதாமாதம் ஏதாவது வரட்டும் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" இதழைப் பாருங்கள். கட்டுரைகள் சிறியவை, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய கட்டாயம் இல்லை.

சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்காகப் பால சாகித்திய புரஸ்கார் என்ற பரிசை வழங்கிவருகிறது. பரிசு பெற்ற தமிழ் எழுத்தாளர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களுடைய மற்ற நூல்களையும் தேடலாம். ஆனால் பரிசு வாங்கியது என்பதாலேயே உங்கள் பிள்ளையின் படிநிலைக்குப் பொருந்திவிடாது. சில கதைகள் கனமான விஷயத்தைப் பேசுபவை. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நீதிக்கதைத் தொகுப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பாக இருப்பவன் முட்டாள், பெண் என்றால் அடுப்படி என்று படங்களிலேயே சொல்லிவைக்கும் மலிவுப் பதிப்புகள் இன்னும் விற்கின்றன. புரட்டும்போது முகங்களைப் பாருங்கள்.

நித்யா வேளச்சேரி

எல்லாருக்கும் நன்றி! புள்ளி விஷயம் படிச்சதும் வீட்டுல ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கு. இன்னும் மூணு சந்தேகம். கடையில நிறுத்தி வாசிக்கச் சொன்னா பரீட்சை மாதிரி ஆயிடாதா? 2,000-ஐ எப்படிப் பிரிக்கிறது? இருமொழிப் புத்தகம் வாங்கினா ரெண்டும் கத்துக்குவாங்களா?

கதைப்பெட்டி

விரல் சோதனையைக் கடையில் செய்ய வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல் தளக் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எந்த அளவு எழுத்து, எத்தனை வரி, எந்த மாதிரிக் கதை என்று அங்கேயே தெரிந்துவிடும். அவள் இரண்டாவது தடவை கையில் எடுக்கும் புத்தகத்தின் பெயர், பதிப்பகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், காட்சியில் அதையே தேடுங்கள். வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு சொல்லை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். "திரும்பப் படி" வேண்டாம்.

இருமொழிப் புத்தகம் இவர்களுக்கு வேண்டாம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளையின் கண் நேராக ஆங்கில வரிக்குப் போகும், தமிழ் வரி வெறும் அலங்காரமாகிவிடும். தூலிகா போன்ற பதிப்பகங்களில் தமிழ் மட்டும் உள்ள பதிப்பும் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் மெல்லிய படப் புத்தகங்கள் விலை குறைவு.

பணத்தில் 1,100 அவளுக்கு. மெல்லிய புத்தகம் பத்து நிமிடத்தில் முடியும், அதனால் எண்ணிக்கை வேண்டும். 500 அவனுக்கு, இரண்டு அல்லது மூன்று. மிச்சம் 400-ஐ ஆளுக்கு இருநூறாகக் கையில் கொடுத்து அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. வார நாள் மதியம் போனால் நின்று புரட்ட இடம் இருக்கும்.

ஏடு

வீட்டில் தொடாமல் கிடக்கும் பாதியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே விரல் சோதனையை அவற்றுக்கும் செய்யுங்கள். காதுக்குப் புரிபவை இரவு வாசிப்புக்கு. மற்றவற்றின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இன்றைய தேதியை எழுதி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.