புதுப்பிப்பு: மணியின் இடது கண் பிதுங்கியது கட்டியால்தான், எடுத்தாச்சு

ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்: காட்பாடியில் எங்க 9 வயசு நாட்டு நாய் மணிக்கு இடது கண் மெல்ல மெல்ல வெளியே தள்ளுது, சொட்டு மருந்து கேட்கலை என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது குடியாத்தம் அண்ணன் சொன்னது: "வாயைத் திறந்து பாருங்க. கத்தினா சீழ்க்கட்டி, கத்தலைன்னா வேற." மணி கொட்டாவிதான் விட்டான். கண்ணுக்குப் பின்னால் சீழ் கோர்த்தால் திடீரென்று வீங்கும், வாய் திறந்தாலே உயிர் போகும். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலியில்லாமல் மெதுவாகத் தள்ளும். எப்போதும் அப்படித்தான் என்றில்லை. ஆனால் எங்களை சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்ப வைத்தது அதுதான்.

அங்கே இமைமேல் விரலால் மெதுவாக அமுக்கினார்கள். வலது கண் உள்ளே போனது, இடது அசையவில்லை. அல்ட்ராசவுண்டில் கட்டி. எலும்பை அரித்ததா என்று பார்க்க சி.டி. ஸ்கேன், நுரையீரலுக்குப் பரவியதா என்று மார்பு எக்ஸ்ரே. நல்லவேளை, ரெண்டிலும் இல்லை. கண்ணோடு கண்குழியில் இருந்ததையும் எடுத்துத் தைத்துவிட்டார்கள். எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பிப் பார்த்ததில், பார்வை நரம்பைச் சுற்றிய உறையில் வந்த மெனிஞ்சியோமா என்ற கட்டி. அதே இடத்தில் திரும்ப வரலாம், அடிக்கடி காட்டணும்.

எதிர்பாராதது ரெண்டு. அந்தப் பக்க மூக்கில் ரெண்டு நாள் ரத்தநீர். கண்ணீர்க் குழாய் வழியாக வருவதாம். இன்னொன்று, கண் பிதுங்கும் முன்பே பார்வை போயிருக்கிறது. தூணில் முட்டியதை வயசு என்று நினைத்துவிட்டோம். ஒற்றைக் கண்ணுக்கு முன்பே பழகிவிட்டதாலோ என்னவோ, தையல் பிரிக்கும் முன்பே பூனையைத் துரத்த ஆரம்பித்துவிட்டான்.