குடிப்பது 1 லிட்டர், கொட்டுவது 3 லிட்டர்: வேளச்சேரி அடுக்ககக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: முல்லை அடுக்ககம் – தண்ணீர், பராமரிப்பு

காலை 7:40
செல்வி (செயலாளர், எஃப் 2): அனைவருக்கும் வணக்கம். இன்று அதிகாலை போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் கொஞ்ச நேரத்திலேயே காற்று இழுக்க ஆரம்பித்துவிட்டது. காவலாளி அண்ணன் உடனே நிறுத்திவிட்டார். மொட்டைமாடித் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கிறது. லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். வந்து சேரும் வரை துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

7:46
முரளி (எஸ் 4): சரி அக்கா. இன்னொரு விஷயம். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினில் புது மாடல் வந்திருக்கிறது. பத்து வீடு சேர்ந்து வாங்கினால் நல்ல தள்ளுபடி தருகிறார்கள். வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கைப்பேசியிலேயே காட்டும். வேண்டியவர்கள் பெயரைச் சேருங்கள்.
1. முரளி, எஸ் 4

7:49
தேவராஜ் (டி 3): 2. தேவராஜ், டி 3. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

7:58
கோமதி (ஜி 1): முரளி தம்பி, போரில் தண்ணீர் இல்லை என்ற செய்திக்குக் கீழேயே இந்தப் பட்டியல் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே விஷயம் என்பதால் இங்கேயே பேசிவிடலாம். பெயர் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரை யாராவது சோதித்துப் பார்த்தீர்களா?

8:01
முரளி: மெஷின் பொருத்த வருகிறவரே டி.டி.எஸ். பார்த்துவிட்டுத்தான் பொருத்துவார் அம்மா.

8:03
கோமதி: விற்க வருகிறவர் அளந்து சொல்வது வேறு, நாம் அளந்து தெரிந்துகொள்வது வேறு. என்னிடம் மீட்டர் இருக்கிறது. ரஹ்மான் பாய், நேற்று நாம் எடுத்த அளவுகளைக் குழுவில் போடுங்கள்.

8:10
ரஹ்மான் (எஸ் 2): மாநகரக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர், கீழ்த் தொட்டியில் 280. போர் தண்ணீர் 1,140. இரண்டும் கலந்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து என் வீட்டுக் குழாய்க்கு வருவது 610. என் ஆர்.ஓ. மெஷினிலிருந்து குடிக்க வருவது 35. அதே மெஷினின் கழிவுக் குழாயில் 790. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

8:12
ஜெயந்தி (டி 1): இதில் எது நல்லது, எது கெட்டது? எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள் டீச்சர்.

8:26
கோமதி: சொல்கிறேன். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், தாதுக்கள் எல்லாவற்றின் மொத்த அளவு. குடிநீரில் இது 500 வரை இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை அனுமதிக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், 500க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வைப்பதைத் தடை செய்யும்படியும், வைக்கிற இடத்தில் 60 சதவீதத் தண்ணீராவது மீட்கப்பட வேண்டும் என்று விதி கொண்டுவரும்படியும் அரசுக்கு உத்தரவிட்டது.
நம் மெட்ரோ தண்ணீர் 280. கடல்நீரை நெம்மேலியில் சுத்திகரித்துத் தென்சென்னைக்கு அனுப்புகிறார்களே, அங்கே நடப்பதும் இதே ஆர்.ஓ. வேலைதான். மாநகரம் பெரும் செலவு செய்து தரும் தண்ணீரைப் போர் தண்ணீருடன் கலந்து உப்பாக்கி, பிறகு வீட்டுக்கு வீடு மெஷின் வைத்து அந்த உப்பைப் பிரிக்கிறோம். பிரிக்கும்போது முக்கால் பங்கு சாக்கடைக்குப் போகிறது. எனக்கு இது மனசே ஆறவில்லை.

8:29
தேவராஜ்: முக்கால் பங்கா? அவ்வளவு இருக்குமா அம்மா?

8:34
ரஹ்மான்: நானே வைத்துப் பார்த்தேன் தம்பி. குடிக்கிற பக்கம் 1 லிட்டர் பாட்டில் நிறைவதற்குள், சிங்க் அடியில் போகும் மெல்லிய கழிவுக் குழாயின் கீழே வைத்த வாளியில் தண்ணீர் 3 லிட்டர் கோட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் குழாய் கண்ணில் படாமல் போவதால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

8:41
கோமதி: நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுவது 60 லிட்டர். நம் அடுக்ககத்தில் ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகள் 18. நாளைக்கு 1,080 லிட்டர், மாதத்துக்கு 32,400 லிட்டர். இன்று வரப்போகும் லாரி 12,000 லிட்டர். கிட்டத்தட்ட மூன்று லாரித் தண்ணீரை மாதாமாதம் சாக்கடையில் விட்டுவிட்டு, இங்கே லாரிக்குக் காத்திருக்கிறோம்.

8:43
செல்வி: மூன்று லாரி! பராமரிப்புக் கணக்கு எழுதும் எனக்கே இது தெரியாது டீச்சர்.

8:50
முரளி: அம்மா, அதனால்தான் புது மாடலைச் சொல்கிறேன். இதில் 60 சதவீதம் குடிநீராகவே கிடைக்கும் என்கிறார்கள். வீணாவது குறையும் அல்லவா?

9:02
கோமதி: குறையும் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உப்பு எங்கேயும் மறைந்துவிடாது. ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தித் தள்ளிச் சவ்வு வழியாக அனுப்புவது. தண்ணீர் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கமே தங்கும். 610 உள்ள தண்ணீரில் கால் பங்கை மட்டும் எடுத்தால் மிச்சத்தில் 800 அளவுக்கு உப்பு நிற்கும். ரஹ்மான் பாய்க்கு வந்த 790 அதுதான். 60 சதவீதத்தை எடுத்தால் மிச்சம் 1,500ஐத் தொடும். அது சவ்வில் சுண்ணாம்பாகப் படியும், சவ்வைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். கழற்றிய சவ்வும் வடிகட்டிகளும் எங்கே போகின்றன? நம் குப்பைத் தொட்டிக்குத்தான். மெஷினே தேவைப்படாத வீட்டில் அதையும் சேர்த்து ஏன் உண்டாக்க வேண்டும்?

9:05
தேவராஜ்: ஆனால் குழந்தைக்குப் பால்பொடி கலக்க இந்தத் தண்ணீரை எப்படி நம்புவது? எனக்கு அந்தக் கவலை ஒன்றுதான்.

9:21
கோமதி: உங்கள் கவலை நியாயமானது. பதிலை நிதானமாகப் படியுங்கள். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்த்து உப்பைக் கணக்கிடும். கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 35 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம், 400 காட்டும் தண்ணீர் சுத்தமாகவும் இருக்கலாம். கிருமிக்குப் புற ஊதா விளக்கு உள்ள வடிகட்டி போதும், அல்லது கொதிக்க வைக்கலாம். நன்றாகப் பொங்கிக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும்.
கைக்குழந்தைக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நைட்ரேட். அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அருகில் உள்ள போர் தண்ணீரில் அது கூடுதலாக இருக்கலாம். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். சோதனையில் நைட்ரேட் அதிகம் என்று வந்தால் உங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவை என்று நானே சொல்வேன். வரவில்லை என்றால் வேண்டாம். முதலில் சோதனை, பிறகு மெஷின்.

9:24
தேவராஜ்: சரி அம்மா. பட்டியலிலிருந்து இப்போதைக்கு என் பெயரை எடுத்துவிடுங்கள் முரளி. முடிவு வரட்டும்.

9:30
ஜெயந்தி: அதுவரை இருக்கிற மெஷின்களை என்ன செய்வது? கழிவுத் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றலாமா?

9:44
கோமதி: தொட்டிச் செடிகளுக்கு வேண்டாம் ஜெயந்தி. தொட்டி மண்ணிலிருந்து உப்பு வெளியேற வழி கிடையாது. ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போகும். கறிவேப்பிலை, ரோஜாவுக்கெல்லாம் இலை நுனி கருகத் தொடங்கும். கீழே நிற்கும் தென்னைகளுக்கு ஊற்றலாம், தென்னை உப்பைத் தாங்கும். மற்றபடி தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற, வாசல் கழுவ, வண்டி துடைக்க எல்லாவற்றுக்கும் தாராளமாக ஆகும். பாத்திரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு விழும், கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் பயன்படுத்துங்கள்.

9:47
ரஹ்மான்: என் வீட்டில் கழிவுக் குழாயை நீட்டி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் துவைக்கும் இடத்தில் மூடி போட்ட டிரம்முக்கு விட்டிருக்கிறேன். குழாய் மடங்காமல் இருக்க வேண்டும், மடங்கினால் மெஷினுக்குக் கெடுதல். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும். வேண்டியவர்கள் வந்து பாருங்கள், நானே இணைத்துத் தருகிறேன்.

9:55
முரளி: எல்லார் கழிவுத் தண்ணீரையும் சேர்த்து மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டால் போர் மட்டம் ஏறுமே?

10:08
கோமதி: அதை மட்டும் செய்யக் கூடாது. நிலத்தடியிலிருந்து எடுத்த உப்பை இன்னும் செறிவாக்கி நிலத்துக்கே திருப்பி அனுப்புவது போலாகிவிடும். அந்தக் குழிக்கு மழை மட்டுமே போக வேண்டும். போர் தண்ணீரின் உப்பைக் குறைக்க நம்மால் ஆகக்கூடிய வழியும் மழைதான். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் குழியைத் திறந்து பார்த்தேன். மேலே கூழாங்கல் தெரியவில்லை. ஒரு முழம் வண்டல், அதன் மேல் சிமெண்டுப் பை ஒன்று, பாதி மக்கிய வேப்பிலை. மாடியிலிருந்து வரும் குழாய் அந்த வண்டலுக்குள் புதைந்திருக்கிறது. போன மழையில் குழி நிரம்பித் தெருவில் ஓடிய தண்ணீர் எல்லாம் நம்முடையது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைத் தூர்வார வேண்டும் செல்வி.

10:11
செல்வி: கூட்டத்துக்கு முதல் பொருளாகவே வைக்கிறேன்.

10:15
சண்முகம் (எஃப் 4): 2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அப்படி வந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்கிறோம். டீச்சர் சொல்வதைக் கேளுங்கள்.

10:22
ஜெயந்தி: டீச்சர், மெட்ரோ தண்ணீரை ஏன் போருடன் கலக்க வேண்டும்? என் அம்மா வீட்டில் சமையலறைக்குத் தனிக் குழாய் இருந்தது.

10:31
கோமதி: அதுதான் சரியான கேள்வி. மெட்ரோ தொட்டியிலிருந்து ஒரு சிறு மோட்டார், மாடியில் ஒரு தனித் தொட்டி, அதிலிருந்து எல்லா சமையலறைக்கும் ஒரு குழாய். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் பழையபடியே வரட்டும். அப்படிச் செய்தால் குடிக்க 280 உள்ள தண்ணீர் கிடைக்கும், பெரும்பாலான வீட்டில் ஆர்.ஓ.வை நிறுத்திவிடலாம். பத்து மெஷின் வாங்குகிற பணத்தை இதில் போடுவதே மேல் என்பது என் கருத்து. பிளம்பரை அழைத்துக் கணக்குக் கேட்போம்.

10:36
முரளி: தனிக் குழாய் வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான் அம்மா. ஆனால் கோடையில் மெட்ரோ தண்ணீர் நின்று லாரியும் போரும் மட்டும் வரும் நாளில் என்ன செய்வது? என் மெஷினை வாங்கத்தான் போகிறேன். கழிவுக் குழாயை ரஹ்மான் பாய் சொன்னபடி டிரம்முக்கு விடுகிறேன்.

10:40
கோமதி: உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ தெரியாது, ஒவ்வொரு லாரியையும் அளந்துதான் ஏற்ற வேண்டும். மீட்டரைக் காவலாளி அண்ணனிடம் கொடுத்து வைக்கிறேன். ஆனால் பொருத்த வருகிறவர் மெஷினில் டி.டி.எஸ். அளவை 30க்கு இறக்கி வைத்தால் விடாதீர்கள். 150 அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷினில், சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் கலவைத் திருகு உண்டு. ருசியும் நன்றாக இருக்கும்.

10:52
செல்வி: அப்படியானால் முடிவு செய்தது: மெட்ரோ, போர் இரண்டுக்கும் சோதனை. கிருமிச் சோதனைக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மைக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம். கட்டணம் பொதுக் கணக்கிலிருந்து. யார் எடுத்துப் போகிறீர்கள்?

10:54
தேவராஜ்: நான் போகிறேன் அக்கா. எப்படிப் பிடிக்க வேண்டும் டீச்சர்?

11:05
கோமதி: கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசாதீர்கள். மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்க உள்ளே ஒரு மருந்து போட்டிருப்பார்கள், அலசினால் போய்விடும். குழாயைத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலின் வாயை விரலால் தொடாதீர்கள். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துத் தாமதிக்காமல் கொடுங்கள். மற்ற சோதனைக்குச் சுத்தமான 2 லிட்டர் கேன் போதும், அதை அதே தண்ணீரால் அலசிக்கொள்ளுங்கள்.

11:07
தேவராஜ்: சமையலறைக் குழாயில் பிடிக்கவா, கீழ்த் தொட்டியில் பிடிக்கவா?

11:08
கோமதி: இரண்டிலும். எது எங்கே கெடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

11:20
காவலாளி அண்ணன்: லாரி வந்துவிட்டது அம்மா. மீட்டரை அனுப்புங்கள், அளந்த பிறகு குழாய் போடச் சொல்கிறேன்.